பொல்பிட்டியவில் நான்கு நாட்கள்

மலைநாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் என்றவுடன் நுவரெலியாவின் பூங்காக்களையும் கிறகரி வாவியையும் நினைப்பவர்களே நம்மவரில் அதிகம். நாம் பொல்பிட்டியவுக்குப் புறப்படுகிறோம் என்றதும், "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேளாத நண்பர் இல்லை. எம் இல்லாள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பிறந்தது மஸ்கெலியாவில். அதுவும் இன்றைய மஸ்கெலியாவில் அன்று; நீருக்கடியில் போய்விட்ட பழைய மஸ்கெலியாவில்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நாம் செய்த ஒரே ஆடம்பரம் ஒரு பழைய வேன் வண்டியை வாங்கியதுதான். அதன் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு மெத்தை ஒன்றை விரித்தோம். ஒரு காஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கலன்கள், ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பலகாரம். இவ்வளவே எமது வீடு. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக வந்து, பொல்பிட்டியவில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் வண்டியை நிறுத்திக்கொண்டோம். தினமும் காலையில் ஒரு திசையில் சென்று, பொழுது சாயுமுன் திரும்பிவிடுவது எமது திட்டம்.

கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டு ஆறுகள் இவ்வூர்ப் பக்கத்திலே கூடித்தான் களனி கங்கை என்ற பெயரைப் பெறுகின்றன. இங்குள்ள மின்சார நிலையம் 1969ஆம் ஆண்டில் 75 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கியது. மேலே லக்சபானவில் தேக்கப்படும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து இங்கே விழுகிறது.

முதல் நாள் கித்துல்கலைக்குச் சென்றோம். 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த ஆற்றங்கரை அது. படம் 1957இல் வெளிவந்தது. இன்று அங்கே இளைஞர்கள் இரப்பர்ப் படகுகளில் கூச்சலிட்டுக்கொண்டு போகிறார்கள். எமக்கு அந்த வயது கடந்துவிட்டது. கரையில் இருந்து தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் நாள் கினிகத்தேனைப் பக்கத்து அபர்டீன் அருவி. 98 மீற்றர் உயரம் என்பார்கள். இறங்கிய படிகளை மீண்டும் ஏறியபோது அதைவிட உயரமாகவே தோன்றிற்று.

மூன்றாம் நாள் லக்சபான வழியாக நோர்ட்டன் பிரிட்ஜுக்கு ஏறினோம். மலைச்சரிவில் இராட்சதப் பாம்புகளைப்போல் இரும்புக் குழாய்கள் இறங்குவதைக் கண்டதும் வண்டியை நிறுத்தினோம். இந்நாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். அவர் மறைந்தது 1953இல். தாம் கண்ட கனவின் வெளிச்சத்தை அவர் மூன்று ஆண்டுகளாவது கண்டாரே என்று நாம் சொன்னோம்.

"நாங்க பார்க்கலீங்க" என்றார் இல்லாள்.

நாம் திடுக்கிட்டோம். பழைய ஊரிலிருந்து வெளியேறிய பின் அவர் வளர்ந்தது ஒரு தோட்டத்து லயத்தில். பள்ளிப் பாடம் படித்ததெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கில். இரவில் வாசற்படியில் நின்றால், தூரத்தில் மின் விளக்குகள் தெரியுமாம். மின்சாரம் பிறந்த மலையிலே, கொழுந்து பறித்தவர்களின் லயங்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் இதை அவர் எம்மிடம் சொன்னது அன்றுதான்.

நான்காம் நாள் மவுசாக்கலைக்குப் போனோம். மஸ்கெலி ஓயாவைத் தடுத்து 1960களின் இறுதியில் இந்நீர்த்தேக்கத்தை அமைத்தபோதுதான் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. மேட்டில் புதிய நகரம் எழுந்தது. பங்குனி மாத வரட்சி. நீர் வெகுவாக வற்றியிருந்தது. இந்துக் கோவிலின் கற்சுவர்களும், பௌத்த விகாரையின் எச்சங்களும், பள்ளிவாசலின் இடிபாடுகளும் வெடித்த சேற்றுத் தரையில் வெளியே நின்றன. அப்பால் சிவனொளிபாதமலை.

இத்தகைய காட்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் முதிய தம்பதியர் பலர் உண்டு. லாஸ் வேகாஸ் என்னும் பாலைவன நகரத்துக்கு வருவோர் பக்கத்திலுள்ள ஹூவர் அணைக்கட்டையும் பார்ப்பார்கள். அவ்வணையின் நீரில் 1938இல் மூழ்கிய செயின்ட் தோமஸ் என்ற சிற்றூர், நீர் குறைந்தபின் மீண்டும் வெளிப்பட்டது. அதையும் காணப் போகிறார்கள். ஆனால் வேடிக்கை பார்க்கப் போவது வேறு, தன் ஊரைத் தேடிப் போவது வேறு என்பது, சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த இல்லாளைக் கண்டபோதே எமக்கு விளங்கியது.

ஊர் மூழ்கியபோது அவருக்கு வயது ஐந்து. கடைவீதி இருந்த திசைகூட நினைவில்லை. கோவிற் சுவரருகே ஒரு கல்லைக் காட்டி, "இங்கதான் எங்க அம்மா தேங்காய் உடைச்சிருப்பாங்க" என்றார். சரியான இடந்தானா என்று எமக்கு ஐயம், கேட்கவில்லை. முந்தானையில் முடிந்து வந்த கற்பூரத்தை எடுத்தார். காற்றில் மூன்று குச்சிகள் அணைந்தன. நான்காவதில் பற்றியது. அது எரிந்து முடியும்வரை நின்றோம்.

இத்தேக்கத்து நீர் கென்யன், புதிய லக்சபான என்னும் இரு நிலையங்களைக் கடந்து, மூன்றாவதாகப் பொல்பிட்டியவில் சுழலிகளைச் சுழற்றிவிட்டே களனியில் சேர்கிறது. வழியில் இதை விளக்கிச் சொன்னோம். இல்லாள் கேட்டுக்கொண்டே வந்தார்.

இரவு பொல்பிட்டியவில் ஆற்றின் இரைச்சல் பலமாகக் கேட்டது. வண்டிக்குள் விளக்கை அணைக்கக் கை நீட்டினோம்.

"கொஞ்ச நேரம் எரியட்டுங்க" என்றார்.