பிள்ளை பயப்படும்போது பக்கத்தில் யார்?

சென்னைப் புறநகரான பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் பக்கம் வளர்ந்து இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் சுட்டி டிவி என்று பேச்செடுத்தால் போதும், அடுத்த பெயர் ஜாக்கி சான். 2007 ஏப்ரலில் சன் குழுமம் தொடங்கிய அந்தச் சேனலில், தமிழ் பேசிய ஜாக்கி சானும் வாலுப்பெண் ஜேடும் மந்திரம் ஓதும் மாமாவும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளைக் கட்டிப் போட்டார்கள். சிரிப்புக்கும் சண்டைக்கும் பெயர் வாங்கிய தொடர் அது. ஆனால் அடிப்படையில் முழுக்க முழுக்கப் பூதக்கதை. ஷெண்டு என்ற நெருப்பு கக்கும் அசுரன், சுவரில் விழுந்த நிழலிலிருந்து எழுந்து வரும் கரிய நிஞ்சாக்கள், முகத்தில் மாட்டியவுடன் ஒட்டிக்கொண்டு மனிதனையே ஆட்கொள்ளும் ஓனி முகமூடிகள் என்று ஒன்றுக்கொன்று சளைக்காத பயங்கரங்கள் அதில் உண்டு.

ஒரு பகுதியில் ஜேட், மாமாவின் பழைய புத்தகத்தில் கண்ட சின்னத்தைப் பச்சை குத்தியதுபோல் தன் உடம்பில் பதித்துக்கொள்கிறாள். சின்னம் வளர்கிறது. அவள் தோல் நீலமாகிறது, கண் சிவக்கிறது. அதுவரை நிழல் நிஞ்சாக்களை எதிர்த்து ஓடிக்கொண்டிருந்த சிறுமி, அவர்களுக்கே ராணியாகிவிடுகிறாள். பத்து வயது அண்ணனுக்கு இது திருப்பம் நிறைந்த சாகசம். அதே பாயில் உட்கார்ந்து பார்த்த நான்கு வயதுத் தங்கைக்கு, தனக்குப் பிடித்த அக்கா கண்ணெதிரே பேயானாள் என்பது மட்டும்தான் மிஞ்சும். அன்று இரவு அவள் ஏன் விளக்கை அணைக்க விடவில்லை என்று வீட்டில் யாருக்கும் விளங்காது. ‘கார்ட்டூன்தானே பார்த்தாள்’ என்பார்கள்.

‘கார்ட்டூன்தானே’ என்ற அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1937இன் ‘ஸ்னோ ஒயிட்’ முதல் 2013இன் ‘ஃப்ரோசன்’ வரை, வசூலில் முன்னணியில் இருந்த 45 அனிமேஷன் படங்களை, பெரியவர்களுக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியக் கதாபாத்திரங்கள் சாகும் வாய்ப்பு குழந்தைகள் படங்களில் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். நாயகனின் அப்பா அம்மா சாகும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். ‘ஃபைண்டிங் நீமோ’வில் படம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் தாய்மீன் இல்லாமல் போகிறது.

ஆனால் இந்தக் கணக்கைக் காட்டி, கார்ட்டூனையே நிறுத்துங்கள் என்று சொல்வது தவறு. இருட்டும் சாவும் இல்லாத குழந்தைக்கதை தமிழில் எப்போது இருந்தது? அம்புலிமாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய இதழ் அது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் முதலில் புரட்டிய பக்கம் எது? நள்ளிரவுச் சுடுகாடு, மண்டை ஓடுகள், நெளியும் பாம்புகள், உருவிய வாளுடன் விக்கிரமாதித்தன், அவன் தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம். வேதாளம் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துச் சிதறும் என்பது நிபந்தனை! 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இடம்பெற்ற கதைகள் இவை. அம்புலிமாமாவில் அந்தச் சித்திரத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். இயற்பெயர் கே.சி. சிவசங்கரன். 1924இல் பிறந்து, 2020 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் குழந்தைகளுக்காகவே தூரிகை பிடித்த அந்த மனிதர் பிணத்தை வரையத் தயங்கவில்லை, பிள்ளைகளும் புத்தகத்தை மூடிவிட்டு ஓடவில்லை.

காரணம், அந்தப் பயத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், அரசன் நியாயத்தைச் சொல்வான், அது மரத்துக்குத் திரும்பிவிடும். எல்லாம் அடுத்த மாதம் வரை நிற்கும். படம் அசையவில்லை, சத்தம் போடவில்லை. பயமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டும் உரிமை குழந்தையின் கையில் இருந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் படித்துச் சொல்லப் பாட்டியோ அக்காவோ பக்கத்தில் இருந்தார்கள். பயத்தைவிட அந்தப் பக்கத்துத் துணைதான் முக்கியம் என்று தோன்றுகிறது.

எந்த வயதில் எது பயமுறுத்தும் என்பதைப் பெரியவர்கள் பெரும்பாலும் தவறாகவே கணிக்கிறோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கான்டர் என்ற பேராசிரியை குழந்தைகளின் திரைப்பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் அதிகம் பயமுறுத்திய நிகழ்ச்சிகளில் ஒன்று ‘இன்கிரெடிபிள் ஹல்க்’. அதன் நாயகன் நல்லவன், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுபவன். அவன் பச்சை உருவமாக மாறும் அந்த ஒரு கணம்தான் சின்னஞ்சிறுசுகளை நடுங்க வைத்தது. ஏழு வயதுக்குக் கீழே குழந்தை கண்ணால் காண்பதையே நம்புகிறது. முகம் கோரமாக இருந்தால் கெட்டவன், முகம் மாறினால் ஆளே மாறிவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறது. ஜேட் நீலமாக மாறிய காட்சி அந்தத் தங்கையை ஏன் உலுக்கும் என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

வயது ஏறினால் பயமும் இடம் மாறும். அணுகுண்டுப் போரைக் காட்டிய ‘தி டே ஆஃப்டர்’ என்ற தொலைக்காட்சிப் படம் 1983இல் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, மிகச் சிறிய பிள்ளைகள் அதிகம் கலங்கவில்லை. கலங்கியவர்கள் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள். நிஜத்தில் நடக்கக்கூடியது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

கான்டரின் ஆய்வுகளிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. நாம் எல்லோரும் சொல்லும் ‘அதெல்லாம் பொய்டா கண்ணு’ என்ற ஆறுதல் பெரிய பிள்ளைக்குப் பலிக்கும், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் பலிக்காது. அதற்கு வேண்டியது மடி, அணைப்பு, ஒரு வாய்த் தண்ணீர், கட்டிக்கொள்ள ஒரு பழைய போர்வை.

அம்புலிமாமாவின் பயத்தில் இருந்த அந்த ஒழுங்கு நல்ல கார்ட்டூன்காரர்களுக்கும் தெரியும். 1969இல் வந்த ‘ஸ்கூபி டூ’வில் ஒவ்வொரு வாரமும் பேய் துரத்தும், முடிவில் முகமூடியைக் கழற்றினால் பேராசை பிடித்த ஏதோ ஒரு மனிதன் நிற்பான். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 1999 முதல் 2002 வரை ஓடிய ‘கரேஜ் தி கவர்ட்லி டாக்’ இன்னும் துணிச்சலானது. திருடப்பட்ட கல்வெட்டைத் திருப்பிக் கேட்டு இரவில் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ராம்சேஸ் மன்னனின் உருவத்தை, அன்று பார்த்தவர்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்வார்கள். ஆனால் ஜான் டில்வொர்த் படைத்த அந்த இளஞ்சிவப்பு நாய், பயந்து அலறிக்கொண்டே தன்னை வளர்த்த பாட்டியைக் காப்பாற்ற ஓடும். பயப்படுகிறவனும் காப்பாற்றலாம் என்று குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன தொடர் அரிது. ஆனாலும் அது சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான தொடர். நான்கு வயதில் காட்ட வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டிவிக்காவது சட்டம் உண்டு. குழந்தைகள் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையோ வெளிப்படையான வன்முறையோ கூடாது என்கின்றன 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகள். 2021இல் வந்த விதிகள் ஓடிடி படங்களுக்கு 7, 13, 16 என்று வயது முத்திரை கேட்கின்றன. யூடியூபில் யாரோ ஏற்றும் கார்ட்டூனுக்கு அந்த முத்திரை கிடையாது. 2017இல் அமெரிக்கப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தியதை மறக்கக் கூடாது. பெப்பா பிக், பா பட்ரோல் போன்ற பிஞ்சு வயதுக் கதாபாத்திரங்களைத் திருடி, அவற்றைச் சித்திரவதை செய்வதும் சாகடிப்பதுமான போலி வீடியோக்கள் குவிந்திருந்தன. குழந்தைகளுக்கென்றே வந்த யூடியூப் கிட்ஸ் செயலிக்குள்ளும் அவை நுழைந்திருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் யூடியூப் நிறுவனம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை நீக்கியது. அந்தப் போலி வீடியோக்களில் கதை இல்லை, காப்பாற்ற வருபவர் இல்லை, முடிவும் இல்லை. குழந்தை அதிர்ந்துபோய்க் கண்கொட்டாமல் பார்க்கும் நிமிடங்கள் விளம்பரக் காசாக மாறின, அவ்வளவுதான். 2021இல் வந்த ‘பாப்பி பிளேடைம்’ திகில் விளையாட்டின் வில்லன், வரிசை வரிசையாகப் பற்கள் கொண்ட நீல ஹக்கி வக்கி, நம் பொம்மைக் கடைகளில் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையாகவே விற்பனைக்கு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று வாங்கிக் கொடுத்த பலருக்குத் தெரியாது.

பம்மல் போன்ற ஊர்களின் அன்றாடத்தை அறிந்தவர்கள் பெற்றோரைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ ஒரகடம் தொழிற்சாலைகளிலோ ஷிப்ட் முடித்து, பல்லாவரத்தில் பஸ் மாறி வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது. சோறு பொங்கும் முக்கால் மணி நேரத்துக்குப் பிள்ளையை உட்கார வைக்க செல்போனைத் தவிர வேறு வழி பல வீடுகளில் இல்லை. அதுவும் வீட்டுக்கே ஒரு போன். முந்தின இரவு அப்பா பார்த்த பேய்ப்படத் துண்டு, மறுநாள் பிள்ளையின் திரையில் பரிந்துரையாக வந்து நிற்கிறது.

ஆகவே கேட்பது பெரிய காரியம் இல்லை. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்பாவின் கணக்கில் பிள்ளை பார்க்க வேண்டாம், தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள். போனைக் கொடுத்து அறைக்குள் அனுப்பாதீர்கள், சமையல்கட்டு வாசலிலேயே, சத்தம் உங்கள் காதில் விழும்படி உட்கார வையுங்கள். அண்ணனுக்கு ஏற்றது தம்பிக்கு ஏற்றதல்ல என்பதை நினைவில் வையுங்கள். ‘சாப்பிடலைன்னா பூச்சாண்டி வருவான்’ என்று அதே திரைப்பேயைக் காட்டி மிரட்டுவதை இன்றோடு விடுங்கள். பிள்ளை பயந்தால் கேலி செய்யாமல், எதைப் பார்த்தாய் என்று கேட்டு, ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். பயம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.