குளிர்காலத் தேனீக்களுக்குக் கோடையிலேயே காப்பு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸ்வரை இறங்குவதுண்டு. அந்தக் குளிரிலும் பெட்டிக்குள் தேனீக்கள் விழித்தேதான் இருக்கின்றன. வெளியே சுமார் 14 டிகிரிக்குக் கீழே போனதுமே ராணியை நடுவில் வைத்து உருண்டையாகத் திரண்டுவிடும். பறப்பதற்கான தசைகளை, இறக்கை விரிக்காமலே அதிரவைத்துச் சூடு உண்டாக்கும். புழுக்கள் வளரும் நாட்களில் உருண்டையின் நடுப்பகுதி 34 டிகிரியை ஒட்டி இருக்கும்.

இந்த உழைப்புக்கு எரிபொருள் தேன்தான். மின்னசோட்டா போன்ற இடங்களில் ஒரு கூட்டத்துக்கு 40 கிலோ அளவுக்குத் தேவைப்படும். அதனால் வளர்ப்பவர்கள் பெட்டியைப் பின்புறமாகச் சற்றே தூக்கி எடை பார்க்கிறார்கள். குறைந்தால் இரண்டு பங்கு சர்க்கரையும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்த கெட்டிப் பாகு வைப்பார்கள்.

குளிரைவிட ஈரம் ஆபத்தானது. தேனீக்கள் வெளிவிடும் நீராவி குளிர்ந்த மூடியில் பட்டு, சொட்டுச் சொட்டாக அவற்றின் மேலேயே விழும். நனைந்த தேனீ குளிரில் பிழைப்பது கடினம். ஆகவே மூடிக்குக் கீழே வெப்பம் காக்கும் பலகை வைத்து, ஈரக்காற்று வெளியேற மேலே சிறு துளை விடுகிறார்கள். கதகதப்பு தேடி எலி நுழையாதபடி வாசலையும் குறுக்குகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தைய வேலை ஆகஸ்டில் தொடங்குகிறது. கோடையில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஆறு வாரம்தான். கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் பிறப்பவையோ வயிற்றில் கொழுப்புத் திசுவைச் சேமித்து ஆறு மாதம்வரை வாழும். தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா என்ற உண்ணி உண்பது முக்கியமாக அந்தத் திசுவைத்தான் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. உண்ணி தாக்கிய தேனீ வசந்தம்வரை தாங்காது.

உண்ணி எவ்வளவு என்று அறியும் சோதனை எளிது. சுமார் 300 தேனீக்களை வலைமூடி போட்ட ஜாடியில் இட்டு, பொடித்த சர்க்கரை தூவிக் குலுக்கினால் உண்ணிகள் பிடி நழுவி உதிரும். அவற்றை எண்ணி, நூறு தேனீக்கு மூன்று அளவுக்கு வந்தால் உடனே மருந்து வைக்க வேண்டும். தேனீக்கள் உயிரோடு பெட்டிக்குத் திரும்பும்.

வரோவா உண்ணி ஆதியில் வாழ்ந்தது ஆசியத் தேனீயிடம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பெட்டிகளில் வளர்வதும் அந்த இனம்தான். அது உண்ணியைத் தட்டி அகற்றப் பழகியது. அதன் கூட்டில் உண்ணி பெருகுவதும் பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களின் அறைகளில் மட்டுமே. மின்னசோட்டாவில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதுமான அளவு வாய்க்கவில்லை. அந்தக் காவலை மனிதர்தான் ஏற்க வேண்டும். நவம்பரில் பெட்டிக்குக் கம்பளி சுற்றுவதைவிட, ஆகஸ்டில் உண்ணியை எண்ணுவதே கூட்டத்தைக் காப்பாற்றும்.