நூல் அறுந்தால் நின்றுவிடும் தறி

ஒரு தறியில் நீளவாக்கில் போகும் பாவு நூல்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒரே ஒரு நூல் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? தறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். துணியில் மட்டும் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். யாராவது கவனிப்பதற்குள் இரண்டு முழம் துணி வீணாகியிருக்கும். அதனால்தான் விசைத்தறி வந்த புதிதில் தறியை விட்டு நகராமல் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வேலையைச் செய்வது இயந்திரம். அதற்குக் காவல் மனிதன்!

டொயோட்டா கார் கம்பெனியின் கதையை இந்த அறுந்த நூலிலிருந்துதான் தொடங்க வேண்டும். காரிலிருந்து தொடங்கினால் பாதி விளங்காது.

ஜப்பானில் ஷிசுவோகா பகுதியில் ஒரு தச்சரின் மகனாக 1867-இல் பிறந்தவர் சகிச்சி டொயோடா. வீட்டில் அம்மா தறி நெய்வதைப் பார்த்து வளர்ந்தவர். அப்பாவிடம் கற்ற மரவேலையும் கையில் இருந்தது. 1891-இல் ஒரு மரக் கைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். 1896-இல் நீராவியால் ஓடும் விசைத்தறி செய்தார். குறுக்கே போகும் ஊடை நூல் அறுந்தால் அந்தத் தறி நின்றுவிடும். ஆனால் பெரிய வெற்றி 1924-இல், மகன் கீச்சிரோவும் சேர்ந்து உழைத்துச் செய்த ‘ஜி’ வகைத் தானியங்கித் தறியில்தான் வந்தது.

பாவு நூல் அறுந்ததைத் தறி எப்படித் தெரிந்துகொள்ளும்? கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. நூல்களில் மெல்லிய உலோகத் தகடுகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். நூல் விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலேயே நிற்கும். நூல் அறுந்தால் தாங்க ஆளில்லை. தகடு கீழே விழும். விழுந்த தகடு, அடியில் அசைந்துகொண்டிருக்கும் சட்டத்தின் வழியை மறிக்கும். சட்டம் முட்டி நின்றதும் விசை விடுபட்டுத் தறி நின்றுவிடும். இங்கே செய்தி சொல்லும் கருவி புவியீர்ப்பு. அதற்குச் சம்பளமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

ஊடை நூலைச் சுமந்து பாயும் நாடாவில் நூல் தீரும் நேரத்தில், ஓட்டத்தை நிறுத்தாமலேயே புது நாடாவை உள்ளே தள்ளும் அமைப்பும் அந்தத் தறியில் இருந்தது. இப்போது ஒரே ஆள் முப்பது தறிகளுக்கு மேல் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இந்தத் தறியின் காப்புரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு விலை பேசியது. விசைத்தறி பிறந்த நாடே ஜப்பானிடம் தறி உரிமை கேட்டு வந்தது!

கீச்சிரோ படித்தது இயந்திரப் பொறியியல். அவர் கண் காரின் மேல் இருந்தது. அப்போது ஜப்பானிய சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்காவின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் யோகோஹாமாவிலும் ஒசாகாவிலும் பூட்டிக் கொடுத்த வண்டிகள். 1933-இல் ஐச்சி பகுதியின் கரியா ஊரில், தறித் தொழிற்சாலைக்குள்ளேயே கீச்சிரோ ஒரு கார்ப் பிரிவைத் தொடங்கினார். ஒரு செவர்லே காரை வாங்கி, கழற்றிப் போட்டு, ஒவ்வொரு பாகமாக அளந்து பார்த்தார்கள்.

அளப்பது சுலபம், வார்ப்பதுதான் கஷ்டம். தறிக்கு இரும்பு வார்த்துப் பழகிய கைகள்தான் அவை. ஆனால் எஞ்சின் சிலிண்டர் கட்டி வெறும் திட இரும்பு அல்ல. சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓட அதற்குள் வளைந்து வளைந்து வெற்றிடம் வேண்டும். கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பதுபோல, மணலால் செய்த உள் அச்சை நடுவில் வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். ஆறிய பிறகு மணலை உதிர்த்து எடுக்க வேண்டும். உள் அச்சு கொஞ்சம் நகர்ந்தாலும், மணலிலிருந்து வாயு கிளம்பினாலும் கட்டி வீண். குவியல் குவியலாகத் தூக்கிப் போட்ட பிறகுதான் கை தேறியது.

1935-இல் முதல் லாரி விற்பனைக்கு வந்தது. அடிக்கடி பழுதாகி நின்று அவர்கள் மானத்தை வாங்கியது. 1936-இல் ‘ஏஏ’ கார். 1937-இல் கார்ப் பிரிவு தனிக் கம்பெனியானது. குடும்பத்தின் பெயர் டொயோடா, காரின் பெயர் டொயோட்டா, குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னாளில், 1959-இல், தொழிற்சாலை இருந்த கொரோமோ நகரமே தன் பெயரை டொயோட்டா என்று மாற்றிக்கொண்டது.

போருக்குப் பிறகு கம்பெனி கடனில் மூழ்கியது. 1950-இல் வேலைநிறுத்தம், கீச்சிரோ பதவி விலகினார். வங்கிகளின் நெருக்கடியால் விற்பனைப் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. இரண்டும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது 1982-இல்.

அந்தக் கஷ்ட காலத்தில் தொழிற்சாலைக்குள் ஒரு மாற்றத்தைத் தொடங்கியவர் தைச்சி ஓனோ. முதலில் டொயோடா குடும்பத்தின் நூற்பாலையில் வேலை பார்த்தவர். 1943-இல் கார்ப் பக்கம் வந்தார். நூற்பாலையில் ஒரு பெண் பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதைக் கண்ட கண்ணுக்கு, இங்கே ஒரு கடைசல் இயந்திரத்துக்கு ஓர் ஆள் நிற்பது விநோதமாகப் பட்டது. ‘பழுது வந்தால் இயந்திரம் தானே நிற்கட்டும்’ என்று தறியின் பாடத்தை இங்கேயும் கொண்டுவந்தார். பழகிய தொழிலாளர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருக்கு வேலை கூடுகிறதே என்ற அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

பிறகு மனிதர்களுக்கும் அதே உரிமை வந்தது. கார்கள் நகரும் வரிசையின் மேலே ஒரு கயிறு ஓடும். பிழையைக் கண்ட யாரும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார். குறித்த இடத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். தொழிற்சாலையை நிறுத்தும் அதிகாரம் முதலாளி அறையில் இல்லை, அந்தக் கயிற்றில் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓனோ கொண்டுவந்த இன்னொன்று, ‘கன்பான்’ என்ற அட்டை. பாகங்களை மூட்டை மூட்டையாகக் குவித்து வைக்க வேண்டாம். எடுத்த அளவுக்கு அட்டை திரும்பிப் போகும், அட்டை போன அளவுக்குப் புதுப் பாகம் வரும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் காலியான அலமாரியை நிரப்புவதைக் கேள்விப்பட்டு வந்த யோசனை.

பாகங்கள் எங்கிருந்து வரும்? டொயோட்டா என்பது ஒரு கம்பெனி அல்ல, ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். தாய் வீடான தறிக் கம்பெனி இன்றும் தறி செய்கிறது. மின்சார பாகங்கள் செய்யும் டென்சோ 1949-இல் பிரிந்தது. சகிச்சியின் நூற்பாலை வழிவந்த டொயோட்டா போஷோக்கு இப்போது இருக்கைகள் செய்கிறது. சிறு கார் செய்யும் டைஹாட்சுவை 2016-இல் முழுதாக வாங்கினார்கள். சுபாருவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, சுசுகியிலும் மாஸ்டாவிலும் சிறு பங்கு. நம் சாலைகளில் ஓடும் இன்னோவா, கிர்லோஸ்கர் குழுமத்தோடு 1997-இல் தொடங்கிய கூட்டுக் கம்பெனியின் வண்டி. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் தயாராகிறது.

இந்தக் குடும்பத்தின் பலமும் பலவீனமும் ஒரே விபத்தில் தெரிந்தன. 1997 பிப்ரவரி 1, கரியாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பிடித்தது. அங்கே செய்துவந்தது பிரேக்கில் வரும் ஒரு சிறு வால்வு. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். பின் சக்கரங்கள் லேசாகிவிடும். அவற்றுக்கும் முன் சக்கரத்தின் அதே அழுத்தம் போனால் பூட்டிக்கொண்டு வழுக்கும். அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவது இந்த வால்வின் வேலை. டொயோட்டாவுக்கு ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே இடத்திலிருந்து வந்தன. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. உடனே சுற்றுவட்டாரக் கம்பெனிகள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு வால்வு செய்யக் கிளம்பின. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன பிரதர் கம்பெனியும் அவற்றில் ஒன்று! ஒரு வாரம் போலத் தடுமாறி, கார் வரிசைகள் மறுபடி நகர்ந்தன.

2011 நிலநடுக்கத்தில் சிப்கள் வராமல் தவித்த பிறகு, அவற்றை மட்டும் மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னார்கள். இதற்கிடையே அட்டை போய் கம்ப்யூட்டர் ஆர்டர் வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அவர்களுடைய 14 கார் தொழிற்சாலைகளும் நின்றன. தீ இல்லை, நிலநடுக்கம் இல்லை, ஹேக்கர்களும் இல்லை. பாக ஆர்டர்களைக் கையாளும் சர்வரில் பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது. மாற்றாக வைத்திருந்த சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. தகவல்களை இன்னும் பெரிய சர்வருக்கு மாற்றிய பிறகு, மறுநாள் வேலை தொடங்கியது.