ராயபுரத்தில் பிறந்தவர் ராயபுரம் திரும்புவது எப்படி?

வடசென்னைக் கடலோரத்தில் பிறந்து ஊரைவிட்டுப் போனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ராயபுரத்து ரயில்வே குடும்பங்களில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறினார்கள். துறைமுகத்தில் வேலை பழகியவர்கள் கப்பலேறினார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலைகளில் ஃபிட்டராகவும் வெல்டராகவும் தொழில் கற்றவர்கள் வளைகுடாவுக்குப் போய், பிறகு பிள்ளைகளோடு வேறெங்கோ தங்கிவிட்டார்கள். அறுபது எழுபது வயதாகும்போது இவர்களில் பலருக்கும் ஓர் ஆசை வருகிறது. பிறந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஆசை வந்ததும் விமான டிக்கெட் போடுகிறார்கள். தி.நகரிலோ கிண்டியிலோ ஓட்டல் அறை, ஒரு வாடகை கார், பயணத்தில் ஒரே ஒரு காலைப்பொழுது. கன்டெய்னர் லாரி வரிசையில் பாதி நேரம் போகிறது. தெருவைத் தேடுவதில் மீதி நேரம் போகிறது. மனம் கனத்துத் திரும்புகிறார்கள். வேறு ஊர்களுக்குச் சரிப்படும் இந்த முறை இங்கே சரிப்படாது. வடசென்னையில் கரையே நகர்ந்திருக்கிறது. ஆறு தூர்ந்திருக்கிறது. மாவட்டம் மாறியிருக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களைக் கூட்டமாகப் பெயர்த்து நகரத்தின் மறுகோடியில் குடிவைத்திருக்கிறார்கள். தான் பிறந்த இடத்துக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு வருபவருக்குத்தான் இந்த ஊர் பிடிபடும். அதற்கான வேலைகளை டிக்கெட் போடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

பிறந்தது எந்த ஊர், எந்த மாவட்டம்?

முதலில் பிறப்புப் பதிவைத் தேடுங்கள். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும்; குடும்பம் எங்கே குடியிருந்தது என்பது கணக்கில்லை. எண்ணூரில் வாழ்ந்த தாய் பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால், குழந்தையின் பதிவு சென்னை மாநகராட்சியில் இருக்கும். பழைய தலைமுறை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் பிறந்தவர்களுக்கும் அப்படியே. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். ராயபுரத்துப் பிள்ளை என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டவரின் பதிவு பொன்னேரியிலோ காஞ்சிபுரத்திலோ கிடைக்கக்கூடும். ஆகவே அம்மாவின் ஊர் எது, நீங்கள் எத்தனையாவது பிள்ளை என்பதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அத்தையோ சித்தியோ உயிரோடு இருந்தால் இன்றே பேசிவிடுங்கள்.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிறந்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இரண்டும் அதில் சேர்ந்தன. மாவட்டமும் இப்படியே. பழைய தாள்களில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததும் இந்தப் பகுதி அதற்குள் போனது. 2018இல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஒரே தெரு, ஒரே வீடு, மூன்று மாவட்டம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் செங்கல்பட்டு என்றும், பிறப்புச் சான்றில் வேறாகவும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்த வேறுபாட்டை விளக்கும் தாள்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பது நல்லது.

மாநகராட்சியின் இணையதளத்தில் பிறந்த தேதியையும் பாலினத்தையும் கொடுத்துத் தேடலாம். சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அங்கே கிடைக்காத பழைய பதிவுகளுக்கு மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். 1950, 60களின் பதிவேட்டுப் பக்கம் ஒன்று கையில் கிடைத்தால் கவனித்துப் பாருங்கள். பல பக்கங்களில் குழந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். பெயர் சூட்டுவதற்கு முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து பதிவுக்குப் போய்விடும். பிறகு யாரும் போய் எழுதியிருக்கமாட்டார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், ஆண் அல்லது பெண், தேதி, முகவரி, இவ்வளவுதான். பயணத்துக்கு உயிர்நாடி அந்த முகவரிதான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ராயபுரம் புனித ராயப்பர் ஆலயம், துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலா படகு ஓட்டிய சமூகத்தார் கட்டியெழுப்பியது. இப்படிப்பட்ட பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஞானப் பெற்றோரின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு உறவின் ஒரு கிளை முழுவதையும் எட்டிவிடலாம். பங்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு வாருங்கள். ஞாயிறு பூசை நேரத்தில் போய்க் கேட்டு அவர்களைத் திண்டாட வைக்காதீர்கள்.

முகவரி கிடைத்துவிட்டது, தெரு கிடைக்குமா? 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகள் நீக்கப்பட்டன. முதலி தெருவும் செட்டி தெருவும் வெறும் ஆள்பெயரோடு நிற்கும். கதவிலக்கத்திலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. 1996க்கு முன்பு போனவர்களிடம் இருப்பதெல்லாம் மெட்ராஸ் முகவரி, பழைய எண். தபால்காரரிடமும் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேட்டால் கைப்பேசி வரைபடம் காட்டாததையும் காட்டுவார்கள்.

கடல் கொண்ட தெருக்கள்

கரையோரத்தில் பிறந்தவர்கள் ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் வர வேண்டும். உங்கள் தெரு இன்று கடலுக்குள் இருக்கலாம்.

காரணம் நேரானது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் மெட்ராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டியபோது அந்த மணலோட்டம் மறிக்கப்பட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் போனதால் அலை கரையைத் தின்னத் தொடங்கியது. ராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடக்கே ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் கல் கொட்டினால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தை அலை பிடிக்கும். மெரினாவில் காற்று வாங்கும் சென்னைக்காரர்கள் அந்த மணலுக்கு வடசென்னை கொடுத்த விலையை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு கரையின் அழகு இன்னொரு கரையின் வீடுகளைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இன்று நின்றால் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கருங்கல் குவியல்தான் தெரியும். கல்லின்மேல் வலை காய்கிறது. கல்லிடுக்குகளில் நண்டு ஓடுகிறது. புயல் நாளில் சாரல் சாலைவரை தெறிக்கும். கபடி ஆடிய மணலையும் கட்டுமரம் ஏற்றிவைத்த மேட்டையும் தேடி வருபவர்கள் இங்கே வந்து பேச்சற்று நின்றுவிடுகிறார்கள். காலையில் வாருங்கள், வலை பிரிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். கடலைக் கை நீட்டிக் காட்டி, கோயில் அங்கே இருந்தது, தேநீர்க்கடை அங்கே இருந்தது என்று இடம் பிரித்துச் சொல்ல அவர்களால்தான் முடியும்.

இன்னும் வடக்கே எண்ணூரில் கதை வேறு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும் கழிமுகமும்தான் அந்தக் குப்பங்களுக்குச் சோறு போட்டவை. 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. ஆற்றின் மறுபுறம் 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. அதன் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2001இல் எண்ணூர் துறைமுகமும் அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. 2017 ஜனவரி 28இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் பரவியது, வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் வந்து படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறிக் கையில் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். உங்கள் சிறுவயதில் இறால் தடவிப் பிடித்த நீர் அது. அங்கே போனால், மீன்பாடு எப்படி என்று கேளுங்கள். வெறுமனே படம் எடுத்துக்கொண்டு போகிறவரைவிட இதைக் கேட்கிறவரிடம் அவர்கள் மனம் திறந்து பேசுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கே?

ராயபுரத்தில் இருந்த குடும்பம் ராயபுரத்திலேயே இருக்கும் என்று நம்பி வராதீர்கள். கடலரிப்பு, 2004 சுனாமி, சாலை விரிவாக்கம் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் கரையோரக் குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. சிலருக்கு எர்ணாவூர் போன்ற அருகிலுள்ள இடங்களில் சுனாமி குடியிருப்பு கிடைத்தது. மற்றவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். இரண்டும் தென்சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம். கடல் தெரிந்த வாசலை விட்டு எட்டு மாடிக் குடியிருப்புக்குப் போனவர்களும் உண்டு. தோழியைத் தேடி வருபவர் ஒரு நாளை ராயபுரத்துக்கும் இன்னொரு நாளை கண்ணகி நகருக்கும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

தொழிற்சாலை நட்புகளைத் தேடுபவர்களுக்கும் இதே நிலைதான். என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூரில் உருவானது. உற்பத்தியின் பெரும்பகுதி இன்று ஒரகடம் பக்கம். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் மெட்ரோ நிலையத்தில் வாழ்கிறது. எண்ணூர் அசோக் லேலண்டு வாசலில் மட்டும் ஷிப்ட் மாறும் நேரத்தில் பழைய வடசென்னையைப் பார்க்கலாம். ஓய்வுபெற்றவர்களைத் தேடத் தொழிற்சங்க அலுவலகங்களே நல்ல இடம்.

வெளியே போனவர்களைப் பற்றி மட்டும் பேசினால் இந்த ஊரின் கதை பாதிதான். எண்ணூரில் பர்மா நகர் இருக்கிறது. 1962இல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையான பிறகு பர்மாத் தமிழர்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையானபோது சேமிப்பையும் இழந்தவர்கள் பலர். பீச் ஸ்டேஷன் எதிரே அவர்கள் போட்ட கடைகளால்தான் பர்மா பஜாரும் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸும் நமக்குக் கிடைத்தன. இரங்கூனிலும் மோல்மீனிலும் பிறந்து எண்ணூரில் முதுமை அடைந்தவர்களுக்கும் பிறந்த மண்ணைப் பார்க்கும் ஆசை இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மீண்டும் ராணுவம் ஆட்சியைப் பிடித்து உள்நாட்டுப் போர் மூண்டபின் அந்த ஆசை நிறைவேறுவது மிகக் கடினமாகிவிட்டது. ராயபுரத்துக்கு ஓர் இ-விசாவில் வந்து இறங்க முடிகிறவர்கள் தங்கள் வாய்ப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது வருவது, எங்கே தங்குவது

ஜனவரியும் பிப்ரவரியும் உடம்புக்கு ஏற்ற மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை; வடசென்னையில் தண்ணீர் வடிய நாளாகும். ஆனால் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் தரிசிக்க வேண்டுமென்றால் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்தான் உண்டு. மழையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாசியில் தியாகராஜசுவாமிக்குப் பிரம்மோற்சவம். ஜூன் 29 இராயப்பர் திருநாள். மீனவ உறவினர்களைப் பார்க்க வருபவர்களுக்கு இன்னொரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வெயில் கொளுத்தும், காசிமேட்டில் ஏலமும் களைகட்டாது. ஆனால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பேச அவகாசமும் இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவில் மாறாமல் வரலாம். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே இந்தத் தடம் 2021 பிப்ரவரியில் திறந்தது. திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கம்தான். எண்ணூருக்குப் புறநகர் ரயில். ஒருமுறையாவது பீச் ஸ்டேஷனில் ஏறி ராயபுரம் வழியாகப் போங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் அது. தூண் வரிசையோடு இன்னும் நிற்கிறது. தங்குவதையும் வடக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மண்ணடி, பாரிமுனைப் பக்கம் சாதாரண லாட்ஜ்கள் போதும். விடியற்காலை காசிமேட்டில் இருக்கத் தெற்கிலிருந்து புறப்பட்டு வருவது வீண் அலைச்சல்.

பெட்டியில் கட்டாயம் இடம்பிடிக்க வேண்டியது உங்கள் பழைய ஆல்பம். கரையோர வீடுகளில் இருந்தவர்களின் படங்கள் அலையிலும், 2015 வெள்ளத்திலும், 2023 வெள்ளத்திலும் போய்விட்டன. கடல் கொண்ட தெருவும் மணல் மேடும் பள்ளி ஆண்டுவிழாவும் தெரியும் படங்கள் இன்று மெல்போர்னிலும் டொராண்டோவிலும்தான் மிஞ்சியிருக்கக்கூடும். புறப்படும் முன் பெரிதாகப் பிரதி எடுங்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் முதியவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒவ்வொன்றின் பின்புறமும் ஆண்டு, தெரு, தெரிந்த பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். தெரியாத முகங்களுக்கு இடம் விடுங்கள். அவற்றை இங்கே இருப்பவர்கள் நிரப்பித் தருவார்கள். ஒரு பிரதியை உங்கள் பள்ளியிலோ பங்கிலோ கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் படத்தில் இருப்பவரின் பிள்ளைகளிடம் சேர்த்துவிட்டுப் போங்கள்.