தோள்பட்டை வலியா? கையைச் சும்மா வைக்காதீர்கள்!

பஸ்சில் மேல் கம்பியைப் பிடித்தால் 'சுரீர்' என்கிறது. கடைப் பரணில் இருந்து சரக்கு எடுக்க முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் போச்சு! இப்படி மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் பாரிமுனையிலும் உண்டு, ரங்கநாதன் தெருவிலும் உண்டு.

தைலம் தடவியாச்சு. மாத்திரை போட்டாச்சு. "கையை அசைக்காம வை" என்ற யோசனையையும் கேட்டாச்சு. வலி போகவில்லை. கடைசியில் ஆபரேஷன் பயம்!

அதற்கு முன் சுவீடன் நாட்டுச் சேதியைக் கேளுங்கள்.

காத்திருந்த 102 பேர்

அங்கே இதே வலிக்கு ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்த 102 பேரை டாக்டர்கள் இரு கோஷ்டியாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் முதலில் தோளில் ஓர் ஊசி. பிறகு ஒரு கோஷ்டிக்குப் பாரம் வைத்த தோள் பயிற்சி. மற்ற கோஷ்டிக்குப் பாரமில்லாத சாதாரண அசைவுகள்.

12 வாரம் கழிந்தது. பாரப் பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 20 பேர்தான் ஆபரேஷன் கேட்டார்கள். மற்றவர்களில் 63 பேர்! 2012-ல் வெளியான முடிவு இது.

இறக்கும்போது மெதுவாக

தோள் சதையை எலும்போடு கட்டியிருப்பது தசைநாண். அது நொந்துபோவதால் வருவதுதான் இந்த வலி. அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுத்தால் பாரம் தாங்கப் பழகும்.

ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, மடக்கிய முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கம் இழுப்பது ஒரு பயிற்சி. இழுப்பதைவிட, மெதுவாகத் திரும்ப விடுவதுதான் முக்கியம்.

15 தடவை வீதம் 3 சுற்று. காலையும் மாலையும் 8 வாரம்; பிறகு ஒரு வேளை மட்டும் 4 வாரம். இதுதான் சுவீடன் கணக்கு.

செய்யும்போது வலிக்குமே? வலிக்கும். 10-க்கு 5 வரை பொறுக்கலாம் என்றார்கள். ஆனால் அடுத்த வேளைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் பாரத்தைக் குறையுங்கள்.

பத்தே நாளில் "ஒண்ணும் கேட்கலை சார்" என்று ரப்பரை ஆணியில் மாட்டிவிடுகிறார்களே, அவர்களுக்குப் பலன் எப்படிக் கிடைக்கும்?

இது வேறு வலி

விழுந்து அடிபட்டபின் கை தூக்க முடியாவிட்டால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தோள் இறுகிப்போவதும் வேறு சமாச்சாரம். இடது தோள் வலியோடு மார்பு பாரமும் வியர்வையும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

பயிற்சியை முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பழகுவது நல்லது. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே அரசு பொது மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ளலாம்.