எழுதப் பழகும் இளங்கரங்கள்

பெற்றோரே! காயல்பட்டினத்தில் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அரபுத் தமிழில் நூல்கள் இயற்றினார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறை அது. தமிழ் எழுத்தறியாத பெண்களும் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே கடிதம் வரைந்தனர். சொல்ல வேண்டிய செய்தி இருந்தது, எழுத்தும் வசப்பட்டது.

இன்று நம் குழந்தைகள் தமிழை இடமிருந்து வலமாகவும், அரபை வலமிருந்து இடமாகவும் எழுதக் கற்கின்றனர். பிஞ்சு விரல்கள் தடுமாறுவது இயல்பே. கோணல் எழுத்துக்காக அடிக்காதீர்கள். முதலில் கடற்கரை மணலில் விரலால் எழுதட்டும். பிறகு சிலேட்டில் பெரிதாக. விரல் வலுத்தபின் நோட்டில் பென்சிலால். எங்கே தொடங்கி எப்பக்கம் வளைப்பது என்பதை நீங்களே எழுதிக் காட்டுங்கள்.

ஒரே வரியை நூறு முறை எழுதச் சொல்வதினும், வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவுக்கு இரண்டு வரி எழுதச் செய்வது மேல். கையெழுத்து, இன்ஷா அல்லாஹ், படிப்படியாகத் திருந்தும்.