பலகைக்குக் கீழே பாருங்கள்

வீட்டுப் பின்கட்டிலோ மொட்டை மாடியிலோ போட்ட சின்ன மரத்தளம் சில வருட வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாகி, ஓரத்தில் பிளந்து, மிதித்தால் முனகத் தொடங்கும். உடனே எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுப் புதிதாகச் செய்துவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். சாம்பல் நிறம் வெறும் வெயில் வேலைதான். மேல்தோலை இழைத்தால் உள்ளே நல்ல மரம் இருக்கும். செலவைத் தீர்மானிப்பது பலகை அல்ல, அதைத் தாங்கும் அடிச்சட்டம்.

ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். சட்டம் மண்ணைத் தொடும் இடம், சுவரை ஒட்டும் இடம், ஆணி இறங்கிய இடம், பலகையின் வெட்டு முனை ஆகியவற்றில்தான் முதலில் நீர் தங்கும். அங்கே குத்துங்கள். முனை நிற்காமல் புதைந்தால் மரம் மக்கிவிட்டது. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தில் ஈரம் ஏறக்குறைய இருபது சதவீதத்துக்கு மேல் நீடித்து நின்றால்தான் அது வளரும். ஆகவே நனைவதைவிட, நனைந்தது காயாமல் இருப்பதே பெரிய ஆபத்து. சட்டம் திடமாக இருந்தால் கெட்ட பலகைகளை மட்டும் மாற்றுங்கள். சட்டம் போயிருந்தால் மேலே புதுப் பலகை அடிப்பது பணத்தை மண்ணில் போடுவதுதான்.

இனி கணக்கு. பத்தடிக்கு எட்டடி தளம் என்று வைத்துக்கொள்வோம். 80 சதுர அடி. அறுத்த மரத்துக்கு மரவாடியில் கன அடிக்குத்தான் விலை. ஓர் அங்குலப் பலகை என்றால் 80-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும்: 6.67 கன அடி. கீழே எட்டடி நீளத்தில் நாலுக்கு ரெண்டு சட்டங்கள், பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்பது வேண்டும். அது 4 கன அடி. அவற்றைத் தாங்கப் பத்தடி நீளத்தில் நாலுக்கு மூன்று உத்திரம் மூன்று, அது 2.5 கன அடி. கூட்டினால் 13.17. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் பதினாலரை கன அடி. கணக்குக்காகக் கன அடி 2,000 ரூபாய் என்று வைத்தால் மரத்துக்கு மட்டும் 29,000 ரூபாய். உங்கள் மரவாடி சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அடிச்சட்டம் நன்றாக இருந்து பலகையை மட்டும் மாற்றினால் இதே விலையில் 14,700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். குனிந்து பார்த்த பத்து நிமிடத்துக்குப் பாதிப் பணம் மிச்சம்.

விலை பேசும்போது இரண்டு விஷயங்களை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா? ஓர் அங்குலம் என்பது அறுத்த கனமா, இழைத்த கனமா? இழைத்தபின் பலகை முக்கால் அங்குலம்வரை இறங்கிவிடும். பில் போடுவதோ அறுத்த அளவுக்கு.

ஆந்திரத்தின் பாகாலாவில் இருப்பவருக்கு மூன்று வகை மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். மூன்றும் இந்த வேலைக்கு ஆகாது. முதலாவது மா. தாமலசெருவு மாங்காய் மண்டி இருக்கும் வட்டாரம் இது. வயதான தோப்பை வெட்டும்போது மாம்பலகை மலிவாகக் கிடைக்கும். பெட்டி அடிக்கவும் சென்ட்ரிங் போடவும் நல்லது. வெளியில் மழை படும் இடத்தில் சீக்கிரம் மக்கும், வண்டு துளைக்கும்.

இரண்டாவது பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை. பாகாலா ஜங்ஷன் ஊர். தர்மாவரம் பாதை 2010-இல்தான் மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதையானது. இப்படிப் பிடுங்கிய பாதைகளின் கட்டைகள் பழைய மரக்கடைகளுக்கு வருவதுண்டு. கனம், உறுதி எல்லாம் உண்மை. ஆனால் பல கட்டைகளில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும்; அது புற்றுநோய் அபாயம் உள்ள பொருள். வெயிலில் கசியும். குழந்தை வெறுங்காலோடு ஓடும் இடத்தில் அதைப் போடாதீர்கள்.

மூன்றாவது செம்மரம். சேஷாசலம் காடு பக்கத்தில் இருப்பதால் யாராவது காதோடு காதாக விலை சொல்லக்கூடும். அது உலகிலேயே இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைத் தெற்குப் பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. அழியும் நிலையில் உள்ள மரம். திருட்டு மரம் வைத்திருந்தால் வனத்துறை வழக்கு, சிறை. எந்த மரம் வாங்கினாலும் பில் இல்லாமல் வீட்டுக்குள் இறக்காதீர்கள்.

என் தேர்வு, பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்கு. பல வருடம் உலர்ந்த மரம் என்பதால் இனிமேல் அதிகம் வளையாது. பழைய ஆணிகளை முழுக்கப் பிடுங்கிய பிறகே மில்லுக்கு அனுப்ப வேண்டும். புதிதாக வாங்குவதானால் வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். வெளிறிய வெளிப்பகுதி தேக்கிலும் மக்கும், கரையானும் அரிக்கும். வேம்பும் வேங்கையும் நன்கு உலர்ந்திருந்தால் போடலாம்.

அடிச்சட்டத்துக்கு மரமே வேண்டும் என்பதில்லை. துத்தநாகம் பூசிய இரும்புச் சதுரக் குழாய் போட்டால் கரையான் பயம் பலகையோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே ஜிங்க் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். தரையில் நிற்கும் கால்களுக்கு உள்ளூர்க் கருங்கல் துண்டுகளே போதும். மரம் மண்ணைத் தொடாமல் கீழே காற்றோட்டம் கிடைத்தால் போதுமானது. மொட்டை மாடியானால் தளத்தில் துளை போடவே விடாதீர்கள், கீழ் அறை ஒழுகும். ரப்பர் துண்டின்மேல் சட்டத்தை உட்கார வைத்து, மழைநீர்க் குழாய் வாய்க்கு மேலுள்ள பலகைகளை மட்டும் தனியே கழற்றும்படி செய்யுங்கள்.

சில்லறைச் சாமானில் மிச்சம் பிடிக்கத் தோன்றும் இடம் ஸ்க்ரூ. நாலு அங்குல அகலப் பலகை இருபத்துநாலு, ஒவ்வொன்றும் ஒன்பது சட்டங்களில் இரண்டிரண்டு: 432 ஸ்க்ரூ. எவர்சில்வர் ஸ்க்ரூ விலை கூடுதல்தான். ஆனால் இரும்பு ஆணி துருப்பிடித்து, தேக்கில் கறுப்புக் கறையை இறக்கி, தன்னைச் சுற்றியே மரத்தை மக்கவைக்கும். இரண்டரை அங்குல ஸ்க்ரூ, முன்கூட்டியே சின்னத் துளை. இதற்கு ஆசாரி கேட்கும் கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

எண்ணெயைப் பலகையின் அடிப்பக்கத்துக்கும் வெட்டு முனைக்கும் பொருத்துவதற்கு முன்பே பூசிவிட வேண்டும்; பிறகு தூரிகை எட்டாது. வண்டியில் வடித்த கழிவு ஆயிலைப் பூசும் பழக்கம் இங்கே உண்டு. மனிதர் உட்காரும் இடத்துக்கு அது வேண்டாம். வெளிமரத்துக்கென்று விற்கும் எண்ணெய் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை பூசும் செலவையும் இப்போதே பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலையைப் பங்குனி, சித்திரையில் வையுங்கள். பலகைகளுக்கு இடையே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பும்போது அந்த இடைவெளி வேண்டியிருக்கும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் தளர்ந்த ஸ்க்ரூக்களை ஒருமுறை முறுக்கிவிட்டு, சந்துகளில் அடைந்த சருகைக் கிளறி எடுத்துவிடுங்கள்.